நிற்க வைத்துப் பார்த்தவர்: புடைத்த சிரைகளும் மூன்று ஆலோசனைகளும்

காலில் சிரைகள் புடைக்கும் வெரிகோஸ் வெயின் நோய்க்குச் சிகிச்சை பெற யாரிடம் போவது என்று விசாரிப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு கருவியின் பெயரே பதிலாகக் கிடைக்கிறது. லேசர் இருக்கும் இடமாகப் பாருங்கள் என்பார் ஒருவர். இப்போதெல்லாம் சிரையைப் பசையால் ஒட்டி மூடும் முறைதான், அதைச் செய்பவரிடம் போங்கள் என்பார் இன்னொருவர். கருவியை வைத்து மருத்துவரைத் தேடினால் என்ன ஆகும் என்பதை இந்த நிகழ்வு ஓரளவு விளக்கும். இது தனி ஒருவரின் மருத்துவப் பதிவு அல்ல. சிரை நோய்க்கு வரும் பலரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் சூழ்நிலைகளைக் கோத்து, விளக்கத்துக்காக அமைத்த நிகழ்வு. இதில் வரும் ஸ்கேன் அளவுகளும் அப்படித்தான். மருத்துவ அளவுகோல்களும் ஆய்வு முடிவுகளும் மட்டும் உள்ளது உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன.

நோயாளி

வயது 54. பள்ளி ஆசிரியை. வகுப்பில் உட்காரும் வழக்கமில்லாதவர். இரண்டாவது பிரசவத்தின்போது இடது காலில் சிரைகள் புடைக்கத் தொடங்கின. பெரிய வலி எதுவும் இல்லாததால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை அவர் கண்டுகொள்ளவில்லை. மாலையானால் கால் கனக்கும், இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தலையணை மீது காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் சரியாகிவிடும்.

கடைசி இரண்டு ஆண்டுகளில் நிலைமை மாறியது. உள் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் பழுப்பாகி, பிறகு கறுத்தது. அரிப்பு தாங்க முடியவில்லை. அந்த இடத்துத் தோல் தடித்து, கிள்ளினால் கையில் வராத அளவுக்கு இறுகியது. ஒரு நாள் சொறிந்த இடத்தில் வந்த சிறு புண் ஆறு வாரம் கடந்தும் ஆறவில்லை. வலது காலில் மெல்லிய நீல, சிவப்புக் கோடுகள் மட்டும் இருந்தன. ஆனால் மாலையில் இரண்டு பாதங்களும் வீங்கின. ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிட்டு வந்தார். சர்க்கரை நோய் இல்லை.

சிரை நோயின் கட்டத்தைக் குறிக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோல் சீப் வகைப்பாடு. 1994-ல் உருவாகி, 2004-லும் 2020-லும் திருத்தப்பட்டது. 3 மில்லிமீட்டருக்குக் குறைவான கோடுகள் மட்டும் இருந்தால் சி1, அதற்கு மேல் தடித்துப் புடைத்த சிரைகள் சி2, சிரை நோயால் வந்த வீக்கம் சி3, தோல் மாற்றங்கள் சி4, ஆறிய புண் சி5, ஆறாத புண் சி6. இவருடைய வலது கால் சி1, இடது கால் சி6. ஒரே உடலில் இரண்டு கால்களும் அளவுகோலின் இரண்டு முனைகளில் நின்றன. அவர் முதலில் போன இரண்டு இடங்களிலும் இதை யாரும் எழுதி வைக்கவில்லை.

முதல் இரண்டு இடங்கள்

லேசர் சிகிச்சையைப் பெரிய அளவில் விளம்பரம் செய்யும் ஒரு மையத்துக்கு முதலில் போனார். ஆலோசகர் என்று அறிமுகம் செய்துகொண்ட ஒருவர் விவரங்களைக் குறித்துக்கொண்டார். அவர் மருத்துவர் அல்ல. பிறகு ஸ்கேன் அறை. படுக்க வைத்து, இரண்டு தொடைகளின் மேற்பகுதியிலும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு டெக்னீஷியன் எழுந்துவிட்டார். மருத்துவர் வந்தார், தாளைப் பார்த்தார். புண் மீதிருந்த கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை.

“இரண்டு காலிலும் வால்வு கெட்டுப்போயிருக்கிறது அம்மா. இரண்டுக்கும் சேர்த்து லேசர் செய்துவிடலாம். கணுக்கால் வரை மூடிவிட்டால் புண் தானாக ஆறிவிடும்.”

“வலது காலில் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே டாக்டர்?”

“இன்றைக்கு இல்லை. நாளைக்கு வரும்.”

அவர் வெளியே வந்ததும் ஆலோசகர் மறுபடி வந்தார். இந்த வாரமே நாள் குறித்தால் சலுகை உண்டு என்றார்.

அங்கே சொன்னது எல்லாம் பொய் என்று ஒதுக்கிவிட முடிந்தால் இந்த ஆய்வை இங்கேயே முடித்துவிடலாம். சங்கடம் என்னவென்றால், பாதி உண்மை. சிரைப் புண் உள்ளவர்களுக்குக் கட்டு மட்டும் போட்டுக் காத்திருப்பதைவிட, பின்னோட்டமுள்ள சிரையை, அதாவது வால்வு கெட்டு ரத்தம் கீழ்நோக்கித் திரும்பி வழியும் சிரையை, சீக்கிரம் மூடுவது நல்லது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடந்து 2018-ல் வெளியான எவ்ரா ஆய்வில், சிரையை முன்கூட்டியே மூடியவர்களுக்குப் புண் ஆறுவதற்கான இடைநிலைக் காலம் 56 நாட்கள். தாமதித்தவர்களுக்கு 82 நாட்கள். ஆனால் அந்த ஆய்வில் இரண்டு தரப்பினருக்குமே அழுத்தக் கட்டுப் போடப்பட்டது. கட்டைப் பற்றிப் பேசாமல் லேசரை மட்டும் பேசுவது அந்த ஆதாரத்தைப் பாதியோடு நிறுத்திக்கொள்வது. அதிலும், எந்தச் சிரையில் பின்னோட்டம் என்பதை ஒழுங்காகக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தப் பேச்சுக்கே இடம்.

இரண்டாவது இடம் அழகுச் சிகிச்சைகளோடு சிரைக் கோடுகளுக்கும் ஊசி போடும் ஒரு கிளினிக். அங்கே வலது காலின் கோடுகளுக்கு ஊசி போடலாம், இடது காலுக்கு, மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தி அதை மூடும் நுரை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். ஸ்கேன் எடுக்கவே இல்லை. கணுக்காலில் ஆறாத புண்ணோடு வந்தவருக்கு ஸ்கேன் இல்லாமல் நுரை ஊசி என்று சொல்லும் இடத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அவர் திரும்பி வந்தது நல்லதாயிற்று.

மூன்றாவது இடம்

ஆறு வாரப் புண்ணைப் பார்த்துவிட்டு, ரத்தநாள அறுவை நிபுணர் ஒருவரிடம் அவரை அனுப்பியது அவருடைய குடும்ப மருத்துவர். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முழங்காலுக்குக் கீழே சிரை நோயால் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலே ரத்தநாள மருத்துவப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பிரிவு எப்படி இருக்க வேண்டும் என்றும் அந்த வழிகாட்டி வரையறுக்கிறது: முழுமையான உடல் பரிசோதனையும், ரத்தம் ஓடும் திசையையும் காட்டும் டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்யும் திறனும், எல்லா வகைச் சிகிச்சையையும் அளிக்கும் திறனும் கொண்ட குழு. தகுதி என்ற சொல்லுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. முதல் மையம் முதல் பாதியிலேயே தோற்றது, கிளினிக் இரண்டு பாதியிலும்.

நிபுணர் முதலில் கட்டை அவிழ்த்தார். புண்ணின் ஓரத்தையும் அடித்தளத்தையும் பார்த்தார். அளந்து, படம் எடுத்து வைத்தார். பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். பிறகு கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து விகிதம் கணக்கிட்டார். இடது காலில் 1.02 வந்தது. எளிமையான சோதனைதான், ஆனால் இதைச் செய்யாமல் யாரும் காலில் இறுக்கமான கட்டுப் போடக் கூடாது. விகிதம் 0.8-க்குக் கீழே போனால் தமனியில் அடைப்பு இருக்கலாம்; அந்தக் காலை முழு அழுத்தத்தில் கட்டினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும் ஆபத்து உண்டு.

அடுத்து ஒரு கேள்வி வந்தது. அதற்கு முன் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

“இந்தக் காலில் எப்போதாவது எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறீர்களா அம்மா? இல்லை, நீண்ட நாள் படுக்கையில் இருந்ததுண்டா?”

முப்பது வயதில் போட்டிருந்தார். கட்டைப் பிரித்த பிறகு கால் முழுவதும் மாதக்கணக்கில் வீங்கியிருந்தது. கட்டுப் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னதால் அவரும் விட்டுவிட்டார்.

நிபுணரின் கவனம் அத்துடன் ஆழ்சிரைக்குத் திரும்பியது. தோலுக்கு அடியில் தெரியும் சிரைகள் காலின் ரத்தத்தில் சிறு பங்கைத்தான் மேலே கொண்டுபோகின்றன. பெரும் பங்கைச் சுமப்பவை தசைக்குள் ஓடும் ஆழ்சிரைகள். மாவுக்கட்டுக்குள் அசையாமல் இருந்த நாட்களில் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருந்தால், பிற்காலத்தில் அந்தச் சிரை வடுவோடு சுருங்கியோ, வால்வுகள் சிதைந்தோ, முழுவதும் அடைபட்டோ இருக்கலாம். முழுவதும் அடைபட்டிருந்தால், புடைத்த மேல்சிரைகளே ரத்தம் போகும் மாற்றுப்பாதையாக மாறியிருக்கும். பிரதான சாலை மூடியிருப்பதை அறியாமல் மாற்றுப்பாதையையும் மூடுவது போன்றது, ஆழ்சிரையைப் பார்க்காமல் லேசர் செய்வது. அதனால் பழைய மாவுக்கட்டைப் பற்றிக் கேட்பவர் நேரத்தை வீணாக்குபவர் அல்ல.

மாத்திரைகளையும் கேட்டார். அம்லோடிபின் பெயரைக் கேட்டதும் வலது பாதத்தை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. அந்த மருந்து சிலருக்கு இரண்டு கணுக்கால்களிலும் வீக்கத்தை உண்டாக்கும், அளவு கூடினால் வீக்கமும் கூடும். வலது கால் வீக்கத்துக்குச் சிரையைப் பழி சொல்வதற்கு முன் மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்று குடும்ப மருத்துவருக்குக் குறிப்பு எழுதினார். இதயம், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கான வழக்கமான பரிசோதனைகளையும் அந்தக் குறிப்பில் கேட்டிருந்தார்.

அதன்பிறகுதான் ஸ்கேன். நோயாளியை ஒரு சிறு மேடையில் ஏற்றி நிற்க வைத்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பார்க்கும் கால் தளர்ந்திருக்க, உடல் எடையை மற்றக் காலில் போட்டு நிற்க வேண்டும். பயிற்சி பெற்ற டெக்னீஷியன் ஒருவர் எடுத்தார், முக்கியமான இடங்களில் நிபுணரும் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் தலை சுற்றுகிறதா என்று கேட்டு ஒருமுறை உட்கார வைத்தார்கள்.

இரண்டு தாள்கள்

இரண்டு ஸ்கேன் அறிக்கைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு வேறு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

முதல் மையத்தின் தாளில் மொத்தம் மூன்று வரிகள். இடது தொடைச் சந்திப்பில் (தொடையின் மேல்முனையில் மேல்சிரை ஆழ்சிரையோடு சேரும் இடம்) பின்னோட்டம் உண்டு. வலது தொடைச் சந்திப்பில் பின்னோட்டம் உண்டு. இரு கால்களுக்கும் லேசர் பரிந்துரைக்கப்படுகிறது. மூன்றாவது வரி ஸ்கேன் அறிக்கையில் என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டும். கண்டதை எழுத வேண்டிய தாளில் விற்பனைக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எத்தனை விநாடி பின்னோட்டம், சிரையின் விட்டம் எவ்வளவு, ஆழ்சிரைகள் எப்படி, நோயாளி நின்றாரா படுத்தாரா என்று எதுவும் இல்லை.

இரண்டாவது தாளில் இரண்டு கால்களின் கோட்டுப்படம் அச்சாகியிருந்தது. அதன்மேல் சிரைகள் கையால் வரையப்பட்டிருந்தன. இடது பெரிய சஃபீனஸ் சிரை (காலின் உள்பக்கமாக ஓடும் முக்கிய மேல்சிரை): தொடை நடுவில் விட்டம் 8.5 மில்லிமீட்டர், பின்னோட்டம் 3.1 விநாடி, தொடைச் சந்திப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. புண்ணுக்கு அருகே மேல்சிரையையும் ஆழ்சிரையையும் இணைக்கும் பெர்ஃபரேட்டர் ஒன்று, விட்டம் 4 மில்லிமீட்டர், ரத்தம் வெளிப்பக்கமாக வழிகிறது. முழங்காலுக்குப் பின்னாலுள்ள ஆழ்சிரை: சுவரில் பழைய வடு, ரத்தம் செல்கிறது, பின்னோட்டம் 1.6 விநாடி. இடுப்புச் சிரை: திறந்திருக்கிறது, மூச்சோடு ஏறி இறங்கும் இயல்பான ஓட்டம். வலது பெரிய சஃபீனஸ் சிரை: விட்டம் 4 மில்லிமீட்டர், பின்னோட்டம் 0.3 விநாடி, இயல்பு. அடியில்: நின்ற நிலையில் எடுக்கப்பட்டது, கெண்டைக்கால் தசையை அழுத்தி விடுவித்துச் சோதிக்கப்பட்டது.

இந்த எண்களில் வலது காலின் 0.3 விநாடியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலை அழுத்தினால் ரத்தம் மேலே போகும். கையை எடுத்தால் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். அந்த இழுப்பில்தான் வால்வுகள் மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் ஒரு நொடிப்பொழுது ரத்தம் பின்வாங்குவது ஆரோக்கியமான காலிலும் நடக்கும். அதனால்தான் மேல்சிரைகளில் அரை விநாடிக்கு மேல், தொடையிலும் முழங்காலிலும் ஓடும் ஆழ்சிரைகளில் ஒரு விநாடிக்கு மேல் நீடித்தால் மட்டுமே அதை நோய் என்று கொள்கிறார்கள். நேரத்தை அளக்காமல் திரையில் நிறம் மாறியதைப் பார்த்துப் பின்னோட்டம் உண்டு என்று எழுதினால், நல்ல வால்வும் கெட்ட வால்வாகிவிடும். படுத்திருக்கும்போது புவியீர்ப்பின் வேலையும் குறைந்துவிடுவதால் முடிவு இன்னும் குழம்பும். வலது கால் லேசருக்கு ஆளாக இருந்தது இப்படித்தான்.

இடது காலைப் பொறுத்தவரை முதல் மையம் கண்டது தவறில்லை, குறை. ஆழ்சிரை முழுவதும் அடைபட்டிருந்தால் அந்தக் குறை பெரிய கேடாக முடிந்திருக்கும். நல்லவேளையாக அது திறந்திருந்தது, அதன் வால்வுதான் கெட்டிருந்தது. இந்த நிலையில் மேல்சிரையை மூடலாம், புண் ஆறுவதற்கும் அது உதவும். ஆனால் ஆழ்சிரையின் பழுது அப்படியே இருக்கும். நோயாளி வாழ்நாள் முழுவதும் அழுத்தக் காலுறை அணிய வேண்டியிருக்கும் என்ற செய்தியை முதல் மையத்தில் அவரிடம் சொல்லியிருக்கவே முடியாது, ஏனென்றால் அவர்களுக்கே அது தெரியாது.

தகுதியை எப்படிப் பார்ப்பது

சுவரில் தொங்கும் சான்றிதழ்களிலிருந்து தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. மருத்துவப் பதிவு இருக்கிறதா, அந்தப் பதிவில் எந்தத் துறை என்று இருக்கிறது என்பதை அந்தந்த நாட்டின் மருத்துவப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். சிரை நோயில் முழுப் பயிற்சி பெறுபவர்கள் பொதுவாக ரத்தநாள அறுவை நிபுணர்களும், ஸ்கேனைப் பார்த்தபடி குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி நிபுணர்களும். ஆனால் துறைப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஜெர்மனியில் சிரை மருத்துவம் தனியாகப் பதிவாகும் ஒரு கூடுதல் தகுதி, அங்கே தோல் மருத்துவர்களில் பலர் அதை முறையாகப் பெற்றவர்கள். சிரைச் சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகச் செய்துவரும் பொது அறுவை மருத்துவர்களும் உண்டு. மறுபக்கம், கருவி விற்கும் நிறுவனம் ஓரிரு நாள் பயிற்சி கொடுத்து வழங்கிய தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்களும் உண்டு. சான்றிதழில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்று நின்று படிப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இந்த நோயாளி மூன்றாவது இடத்தில் சில கேள்விகளைக் கேட்டார். அவை அவருடைய மகள் எழுதிக் கொடுத்தவை. கேள்விகளைவிட, அவற்றுக்கு நிபுணர் பதில் சொன்ன விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிகிச்சையை யார் செய்வார்கள் என்று கேட்டபோது, தானே செய்வதாகவும், மயக்க ஊசித் திரவத்தைச் சிரையைச் சுற்றிச் செலுத்தும்போது உதவியாளர் ஸ்கேன் கருவியைப் பிடிப்பார் என்றும் சொன்னார். எந்த முறை என்று கேட்டபோது நான்கு முறைகளையும் சொல்லி, ஒவ்வொன்றும் இவருக்கு ஏன் பொருந்தும் அல்லது பொருந்தாது என்று விளக்கினார். லேசரும் ரேடியோ அலை வெப்பமும் இந்தச் சிரைக்கு ஏறக்குறைய ஒரே பலனைத் தரும். ரேடியோ அலையில் தன் கை அதிகம் பழகியிருப்பதால் அதைத் தேர்கிறேன் என்றார். பசை முறையில் மரத்துப்போக வைக்கும் ஊசிகள் குறைவு; ஆனால் பசை உடலிலேயே தங்கும், சிலருக்கு ஒவ்வாமை அழற்சி வரும்; ஏற்கெனவே தோல் அழற்சியுள்ள காலில் அதை அவர் விரும்பவில்லை. இவ்வளவு தடித்த சிரைக்கு நுரை ஊசியை மட்டும் நம்ப முடியாது, அதைப் புண்ணுக்கு அடியிலுள்ள சிறு சிரைகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். பழைய அறுவை முறையையும் அவர் இழிவாகப் பேசவில்லை. 2014-லும் 2019-லும் முடிவுகள் வெளியான, 798 பேர் பங்கேற்ற கிளாஸ் ஆய்வில், ஐந்து ஆண்டுகள் கழித்து நோய் சார்ந்த வாழ்க்கைத் தரம் நுரை ஊசி போட்டவர்களைவிட லேசர், அறுவை இரண்டிலும் மேலாக இருந்தது. ஒரே முறையைத் தெரிந்தவருக்கு எல்லாக் காலும் அந்த முறைக்கே பொருத்தமாகத் தெரியும். நான்கும் தெரிந்தவர்தான் மூன்றை வேண்டாம் என்று சொல்ல முடியும்.

கணுக்கால் வரை மூடுவீர்களா என்ற கேள்விக்கு வந்த பதில் இன்னும் துல்லியம். கெண்டைக்கால் நடுவுக்குக் கீழே சஃபீனஸ் நரம்பு சிரையை ஒட்டியே ஓடுகிறது. அங்கே வெப்பம் பட்டால் பாதத்தின் உள்பக்கம் மரத்துப்போகலாம். பின்னோட்டம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிவதால் அங்கேயே நிறுத்துவதாகச் சொன்னார். முதல் மையம் கணுக்கால் வரை என்று சொன்னது அளந்து பார்த்துச் சொன்ன அளவல்ல, பேச்சு வழக்கு.

உங்கள் நோயாளிகளில் யாருக்காவது ஆழ்சிரையில் உறைவு வந்திருக்கிறதா என்றும் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு இதுவரை யாருக்கும் வந்ததில்லை என்று சட்டென்று பதில் சொல்லும் மருத்துவரை நான் நம்பமாட்டேன். அவர் ஒன்று மிகக் குறைவானவர்களுக்குச் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் செய்த பிறகு திரும்பிப் பார்க்காதவராக இருக்க வேண்டும். இந்த நிபுணர் வந்திருக்கிறது என்றார். மூடிய சிரையின் முனையிலிருந்து உறைவு ஆழ்சிரைக்குள் நீள்வது அரிதாக நடக்கும், அதற்காகத்தான் சந்திப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெப்பத்தைத் தொடங்குகிறோம், உங்களுக்கு முன்பே உறைவு வந்திருக்கக்கூடும் என்பதால் சில நாட்களுக்கு உறைவுத் தடுப்பு ஊசியும் போட்டு, ஒரு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுப்போம் என்றார். தன் நோயாளிகளின் பதிவேட்டைத் தான் ஆண்டுதோறும் சரிபார்ப்பதாகவும் சொன்னார்.

மறுபடி வராது அல்லவா என்பது கடைசிக் கேள்வி. “வரலாம் அம்மா. இந்தச் சிரை மூடியே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், வேறு சிரை புடைக்கலாம். புண்ணும் திரும்பலாம்.” ஆனால் வாய்ப்பைக் குறைக்க முடியும் என்றார். சிரைப் புண் நோயாளிகளிடம் நடந்து 2004-ல் வெளியான எஸ்கார் ஆய்வில், அழுத்தக் கட்டு மட்டும் போட்டவர்களில் ஓராண்டுக்குள் 28 சதவீதத்தினருக்குப் புண் திரும்பியது. அதோடு மேல்சிரை அறுவையும் செய்துகொண்டவர்களில் அது 12 சதவீதம். பூஜ்யம் அல்ல என்பதைச் சேர்த்தே அவர் சொன்னார்.

அன்றே நாள் குறிக்கும்படி யாரும் கேட்கவில்லை. கட்டை மட்டும் அன்றே போட்டு அனுப்பினார்கள்.

சிகிச்சை

அழுத்தக் கட்டில்தான் சிகிச்சை தொடங்கியது. கணுக்காலில் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரும்படி அடுக்குக் கட்டு, வாரம் ஒருமுறை செவிலியர் பிரித்துக் கட்டினார். மூன்றாவது வாரம் இடது பெரிய சஃபீனஸ் சிரை ரேடியோ அலை வெப்பத்தால் மூடப்பட்டது. ஸ்கேனைப் பார்த்தபடியே முழங்காலுக்குக் கீழே ஊசி வழியாகக் கம்பி போன்ற குழாய் ஏற்றப்பட்டது. சிரையைச் சுற்றி நீர்த்த மயக்க மருந்து செலுத்தப்பட்டது. இந்தத் திரவம் வலியை மட்டும் மறக்கச் செய்வதில்லை, தோலையும் நரம்பையும் வெப்பத்திலிருந்து விலக்கியும் வைக்கிறது. குழாயின் நுனியில் ஏழு சென்டிமீட்டர் நீளம் 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும். ஒவ்வொரு துண்டுக்கும் 20 விநாடி. முடிந்ததும் எழுந்து நடந்தார்.

ஒரு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் சிரை மூடியிருந்தது, ஆழ்சிரையில் புது உறைவு இல்லை. அதற்குச் சில வாரங்கள் கழித்துப் புண்ணுக்கு அடியிலிருந்த சிரைகளுக்குச் சிறிதளவு நுரை ஊசி. பழைய உறைவு உள்ளவர் என்பதால் அளவைக் குறைத்தே வைத்தார்கள். கட்டுத் தொடங்கிய ஒன்பதாவது வாரம் புண் மூடியது. இடையில் குடும்ப மருத்துவர் அம்லோடிபினை நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருந்தார். வலது பாதத்தின் வீக்கம் அதிலேயே வடிந்துவிட்டது. முதல் மையம் லேசர் செய்ய நினைத்த காலுக்குக் கடைசியில் தேவைப்பட்டது மாத்திரை மாற்றம்.

ஓராண்டுக்குப் பிந்தைய பரிசோதனையிலும் நிற்க வைத்தே ஸ்கேன் எடுத்தார்கள். சஃபீனஸ் சிரை மூடியே இருந்தது. ஆழ்சிரையின் பின்னோட்டம் எதிர்பார்த்தபடி அப்படியே இருந்தது. கெண்டைக்காலின் வெளிப்பக்கம் புதிதாக ஒரு சிறு சிரை நெளிந்திருந்ததை நோயாளியே காட்டி, இதையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

“வலிக்கிறதா?”

“இல்லை டாக்டர்.”

“அப்படியானால் விட்டுவிடுவோம். அடுத்த ஆண்டு பார்க்கலாம்.” காலுறையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரப்பர் தளர்ந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும் என்று சொல்லிச் சீட்டு எழுதினார்.